சிறுநீர் கறுத்தால் ஆபத்து! 'கிராஸ்பிட்' உடற்பயிற்சி கிட்னிக்கு உலை வைக்குமா?

கூட்டமாக நின்று, சுவர்க் கடிகாரத்தை ஓடவிட்டு, மூச்சு முட்ட முட்ட செய்யும் உடற்பயிற்சிக்கு 'கிராஸ்பிட்' என்று பெயர். அமெரிக்காவில் பிறந்த இந்தப் பயிற்சி இப்போது நம்ம ஊர் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது வருவதற்கு முன்பே அதன் கெட்ட பெயர் வந்து சேர்ந்துவிட்டது. "அதுல போனா கிட்னி போயிடும்", "தோள்பட்டை கழண்டுடும்", "முதல் நாளே வாந்தி எடுக்க வெச்சுடுவாங்க" என்று ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்கள்.

இதில் எது நிஜம், எது கட்டுக்கதை? இதுபற்றிய விவரம் வருமாறு:-

தண்டால், பஸ்கி, கடிகாரம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா குரூஸ் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே கிரெக் கிளாஸ்மேன் என்ற முன்னாள் ஜிம்னாஸ்டிக் வீரர் பயிற்சி கொடுத்து வந்தார். மற்றவர்களின் ஜிம்மில் அவருக்கு ஒத்துவரவில்லை. 'ஒரு நாள் மார்பு, ஒரு நாள் கை' என்று பிரித்து கண்ணாடி முன் நின்று செய்யும் பயிற்சி அவருக்குப் பிடிக்காது. ஓட்டம், பளு தூக்குதல், பார் எடுப்பது எல்லாவற்றையும் கலந்து, நேரம் வைத்து செய்யச் சொன்னார். 2000-ம் ஆண்டில் தன் மனைவியாக இருந்த லாரன் ஜெனாயுடன் சேர்ந்து 'கிராஸ்பிட்' கம்பெனியை தொடங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து இன்டர்நெட்டில் தினம் ஒரு பயிற்சியை இலவசமாக எழுதிப் போட்டார்.

போலீஸ்காரர்கள், தீயணைப்பு படையினர், ராணுவத்தினர் முதலில் பிடித்துக்கொண்டார்கள். 2005-ல் 13 ஜிம்கள்தான் இருந்தன. பத்தே ஆண்டில் அந்த எண்ணிக்கை 10 ஆயிரத்தைத் தாண்டியது.

அப்படி என்னதான் செய்கிறார்கள்? ஒரு உதாரணம் பாருங்கள். 'சிண்டி' என்று ஒரு பயிற்சி. பெயர் ஏதோ பக்கத்து வீட்டுப் பெண் பெயர் மாதிரி இருக்கும். 5 முறை பார் எடுக்க வேண்டும். 10 தண்டால். 15 பஸ்கி. முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. 20 நிமிடத்துக்குள் எத்தனை சுற்று முடிகிறதோ அத்தனை. நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் போகிறவர் 20 நிமிடத்தில் 100 பார், 200 தண்டால், 300 பஸ்கி போட்டிருப்பார்!

'மர்ப்' என்று இன்னொன்று. 2005-ல் ஆப்கானிஸ்தானில் உயிர் நீத்த அமெரிக்க கடற்படை அதிகாரி மைக்கேல் மர்பியின் நினைவாக வைத்த பெயர். 1.6 கிலோ மீட்டர் ஓடிவிட்டு, 100 பார், 200 தண்டால், 300 பஸ்கி முடித்து, மறுபடி 1.6 கிலோ மீட்டர் ஓட வேண்டும். முடிந்தவர்கள் சுமார் 9 கிலோ எடையுள்ள சட்டையை மாட்டிக்கொண்டு செய்வார்கள்.

ஒவ்வொருவரின் நேரத்தையும் போர்டில் எழுதிப் போடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் கத்தி உற்சாகப்படுத்துவார். இதில்தான் இந்தப் பயிற்சியின் ருசியும் இருக்கிறது, வில்லங்கமும் இருக்கிறது. தனியாக இருந்தால் 'போதும்டா சாமி' என்று உட்கார்ந்துவிடுகிற ஆள், பத்து பேர் பார்க்கும்போது உட்கார மாட்டார்.

கோலா நிறத்தில் சிறுநீர்

கெட்ட பெயர் தொடங்கியது 2005 டிசம்பரில். அமெரிக்காவின் புகழ்பெற்ற 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை ஒரு கட்டுரை போட்டது. முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், கைப்பிடி வைத்த இரும்பு குண்டை வீசித் தூக்கும் பயிற்சியை முதல் முறையாக செய்துவிட்டு, தீவிர சிகிச்சை பிரிவில் போய்ப் படுத்த கதை அது. நேற்றுவரை கில்லி மாதிரி இருந்த ஆள். வந்த நோயின் பெயர் 'ராப்டோமயோலைசிஸ்'. வாயில் நுழையாத பெயர். ஜிம்காரர்கள் சுருக்கமாக 'ராப்டோ' என்கிறார்கள்.

அது என்ன நோய்? தசைக்குள் கோடிக்கணக்கான செல்கள் இருக்கின்றன. அளவுக்கு மீறி வேலை வாங்கினால் அவை உடைந்து சிதறுகின்றன. உள்ளே இருக்கும் சரக்கு எல்லாம் ரத்தத்தில் கொட்டுகிறது. அதில் 'மயோகுளோபின்' என்ற சிவப்பு புரதம் முக்கியமானது. ரத்தத்தை வடிகட்டுவது கிட்னி. இந்தப் புரதம் மொத்தமாக வந்து இறங்கினால், டீ வடிகட்டியில் தூள் அடைத்தது போல கிட்னியின் நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். சிறுநீர் கோலா நிறத்தில், கட்டஞ்சாயா நிறத்தில் போகும். தசையில் இருக்கும் பொட்டாசியமும் ரத்தத்தில் கலப்பதால் இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம்.

இது கிராஸ்பிட் கண்டுபிடித்த நோய் அல்ல. 2-ம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, இடிபாடுகளில் சிக்கி உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாளில் கிட்னி செயலிழந்து இறந்தார்கள். 1941-ல் அங்கிருந்த டாக்டர்கள் அதை விளக்கி எழுதினார்கள். நசுங்கிய தசையிலிருந்து வந்த விஷம்தான் காரணம். நம்ம பக்கத்திலும் டாக்டர்களுக்கு இது புதிதில்லை. சில வகை பாம்புக்கடி, கட்டிட இடிபாடு, கரண்ட் ஷாக், அளவு மீறிய குடி, கடும் வெயிலில் மயங்கி விழுவது எல்லாவற்றிலும் இது வரலாம்.

இறங்கும்போதுதான் வலி

பலமாக இருப்பவருக்கு ஏன் இப்படி வருகிறது என்பதுதான் பலருக்கும் புரியாத விஷயம்.

பழனி மலைக்குப் படியேறி இறங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது இறங்கியதால்தான். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போதுதான் அதன் இழைகள் அதிகம் கிழிகின்றன. பாரில் இருந்து மெதுவாக கீழே இறங்குவது, பஸ்கியில் உட்காருவது, தண்டாலில் கீழே போவது எல்லாமே இந்த வகை. இதை நூற்றுக்கணக்கில், ஓய்வே இல்லாமல், போட்டி போட்டு செய்தால் என்ன ஆகும்?

ஆனால் உடம்புக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முறை கொஞ்சமாக கிழிந்து ஆறிய தசை, அடுத்த முறை அதே வேலையில் அவ்வளவு கிழிவதில்லை. மார்க்கெட்டில் தினமும் மூட்டை தூக்குகிறவரைப் பாருங்கள். நாள் முழுக்க தூக்கிவிட்டு சாயங்காலம் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போகிறார். அவருக்கு ராப்டோ வருவதில்லை. அவர் தசை வருடக்கணக்கில் பழகியது. அதே வேலையை ஒரு நாள் மட்டும் வந்து, பந்தயம் கட்டி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பழகிய இளைஞர் செய்தால் ஆஸ்பத்திரிதான்.

இன்னும் பெரிய ஆபத்து யாருக்கு தெரியுமா? முன்பு கபடி, கால்பந்து ஆடி, இப்போது பத்து வருடமாக சும்மா இருப்பவருக்கு. மனதில் 'நம்மால முடியும்' என்ற தைரியம் அப்படியே இருக்கிறது. வலியைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. தசை மட்டும் பழசை மறந்துவிட்டது. நோஞ்சானாக இருப்பவர் பாதியில் உட்கார்ந்து தப்பித்துக்கொள்வார். இவர் தப்பிக்க மாட்டார்.

2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடந்ததை இதற்கு சாட்சியாகச் சொல்லலாம். லீவு முடிந்து வந்த கால்பந்து வீரர்களுக்கு, தோளில் பளுவை வைத்து 100 பஸ்கி போடும் பயிற்சி கொடுத்தார்கள். நேரமும் குறித்தார்கள். அடுத்த சில நாளில் 13 வீரர்கள் ராப்டோவுடன் ஆஸ்பத்திரியில்! எல்லோரும் மலை மாதிரி ஆட்கள். அங்கே கிராஸ்பிட் என்ற பேச்சே இல்லை. அதாவது, பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும் 'புதுசு, அதிகம், வேகம்' மூன்றும் சேர்ந்தால் இந்த நோய் வரும். நின்ற இடத்தில் சைக்கிள் மிதிக்கும் வகுப்புக்கு முதல் நாள் போய்விட்டு வந்தவர்களுக்கும் இது வந்திருக்கிறது.

கோமாளி பொம்மை

அப்படியானால் கிராஸ்பிட் மேல் மட்டும் ஏன் இத்தனை பழி? இதற்கு அவர்களே முக்கிய காரணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பயிற்சியால் ராப்டோ வருகிறது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. 2005-லேயே தங்கள் பத்திரிகையில் எச்சரித்து எழுதினார்கள். அது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் கூடவே ஒரு கோமாளி பொம்மையும் வரைந்தார்கள். பெயர் 'அங்கிள் ராப்டோ'. டயாலிசிஸ் மிஷினில் மாட்டிக்கொண்டு, கிட்னி தரையில் விழுந்து கிடக்க, களைத்துப்போய் நிற்கும் கோமாளி! வாந்தி எடுக்கும் இன்னொரு கோமாளியும் உண்டு. அவனுக்கு 'பியூக்கி' என்று பெயர். டி-சர்ட்டில் போட்டுக்கொண்டு பெருமையாக திரிந்தார்கள்.

'இது ஆளைக் கொல்லவும் கூடும், அதை நான் ஒளித்ததே இல்லை' என்ற அர்த்தத்தில் கிளாஸ்மேன் பத்திரிகைக்கு பேட்டியும் கொடுத்தார். வாரத்துக்கு மூன்று நாள் கிட்னி வார்டில் டயாலிசிஸ் செய்துகொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிற நோயாளிகள் நம்ம ஊரிலும் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் அந்தக் கோமாளி படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

கோர்ட்டு கேசும் வந்தது. 2005 டிசம்பரில் விர்ஜினியா மாநிலத்தில் ஒரு ஜிம்மில் இந்த வகைப் பயிற்சியை செய்த முன்னாள் கடற்படை ஊழியர் ஒருவர் ராப்டோவால் படுத்தார். பயிற்சி நீண்டது அரை மணி நேரம்கூட இல்லை. ஜிம் மீதும், பயிற்சியாளர் மீதும் வழக்கு போட்டார். 2008-ல் அவருக்கு 3 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது.

2011-ல் அமெரிக்க ராணுவ மருத்துவ நிபுணர்களும், அந்த நாட்டு விளையாட்டு மருத்துவ கல்லூரியும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டார்கள். இந்த மாதிரி கடும் பயிற்சிகளால் உடம்பு தேறுகிறது, பார்ப்பவருக்கும் ஆர்வம் வருகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் புதிதாக சேர்பவர்களுக்கு காயம் அதிகமாக வரும் அபாயம் இருக்கிறது, ஓய்வு போதவில்லை என்று கவலை தெரிவித்தார்கள். பத்திரிகைகளில் முதல் பாதி காணாமல் போய் இரண்டாம் பாதி மட்டும் தலைப்புச் செய்தி ஆனது.

பொய்யான ஆராய்ச்சி

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம்.

2013-ல் ஒகாயோ மாநில பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 54 பேருக்கு 10 வாரம் கிராஸ்பிட் பயிற்சி கொடுத்து சோதித்தார்கள். உடம்புக் கொழுப்பு குறைந்தது, இதயத்தின் திறன் கூடியது என்று முடிவு வந்தது. இது நல்ல செய்திதான். ஆனால் 11 பேர் கடைசி டெஸ்டுக்கு வரவில்லை. அதில் 9 பேர் காயத்தால், அளவுக்கு மீறிய பயிற்சியால் விலகினார்கள் என்று கட்டுரையில் இருந்தது. அதாவது மொத்தத்தில் 16 சதவீதம் பேர்! இந்த ஒரு எண்ணை வைத்து உலகம் முழுக்க எழுதித் தள்ளினார்கள்.

அந்தக் கட்டுரையை வெளியிட்டது, பயிற்சியாளர்களுக்கு சர்டிபிகேட் கொடுக்கும் இன்னொரு அமெரிக்க சங்கத்தின் பத்திரிகை. சொல்லப்போனால் கிராஸ்பிட்டுக்கு தொழில் போட்டியாளர். கிராஸ்பிட் கம்பெனி சும்மா விடவில்லை. விலகிய ஆட்களையே தேடிப் பிடித்து விசாரித்தது. 'எங்களுக்கு காயமே இல்லையே' என்று பலரும் சொன்னார்கள். 2014-ல் சான்டியாகோ நகர மத்திய கோர்ட்டில் வழக்கு போட்டது.

2015-ல் அந்தப் பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. காயம் அல்லது உடல்நிலை காரணமாக வராதவர்கள் 2 பேர்தான் என்று அதில் சொல்லப்பட்டது. 2017-ல் கட்டுரையே மொத்தமாக வாபஸ் ஆனது. ஆராய்ச்சிக்கு வாங்க வேண்டிய முறையான அனுமதியிலேயே குளறுபடி என்று காரணம் சொன்னார்கள். 2019 டிசம்பரில், ஆதாரங்களை மறைத்ததற்காகவும் பொய் சொன்னதற்காகவும் அந்தச் சங்கத்தை நீதிபதி வறுத்தெடுத்து, சுமார் 40 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்.

ஆனால் ஒரு கெட்ட செய்தி ஊர் சுற்றிவிட்டு வந்தபிறகு திருத்தத்தை யார் படிக்கிறார்கள்? '16 சதவீதம்' இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஓட்டத்தைவிட குறைவா?

சரி, நிஜத்தில் எத்தனை பேருக்கு அடிபடுகிறது?

2013-ல் வெளியான ஒரு ஆய்வு, ஆயிரம் மணி நேர பயிற்சிக்கு சுமார் 3 காயம் என்று கணக்கிட்டது. வாரத்துக்கு 4 மணி நேரம் போகிறவருக்கு ஆயிரம் மணி நேரம் ஆக கிட்டத்தட்ட 5 வருடம் பிடிக்கும். 2014-ல் 386 பேரிடம் விசாரித்ததில் 75 பேர் காயம் பட்டதாகச் சொன்னார்கள். 2018-ல் வந்த பெரிய ஆய்வில் 3 ஆயிரத்து 49 பேரிடம் கேட்டபோது, ஒரு வருடத்தில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு காயம் ஆகியிருந்தது. தோள்பட்டை, இடுப்பு, முழங்கால் இந்த மூன்றும்தான் முக்கியமாக மாட்டுகின்றன.

'அடேங்கப்பா' என்று நினைக்க வேண்டாம். ரோட்டில், பூங்காவில் ஓடுகிறார்களே, அதைப் பற்றி 2015-ல் ஒரு தொகுப்பு ஆய்வு வந்தது. வழக்கமாக ஓடுகிறவர்களுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு 7.7 காயம். புதிதாக ஓட ஆரம்பித்தவர்களுக்கு 17.8! யாரும் ஓட்டத்தை 'ஆளைக் கொல்லும் பயிற்சி' என்று சொல்வதில்லை.

இருந்தாலும் இந்த கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கிராஸ்பிட் ஆய்வுகளில் பெரும்பாலானவை, இப்போது போய்க்கொண்டிருப்பவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து வாங்கியவை. முதல் வாரத்திலேயே இடுப்பு பிடித்து வீட்டில் படுத்தவரிடம் யார் போய் கேட்டார்கள்?

2014 ஆய்வில் இன்னொரு விஷயம் வந்தது. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கவனித்து திருத்துகிற இடங்களில் காயம் குறைவாக இருந்தது. முழு விவகாரத்துக்கும் சாவி இதில்தான் இருக்கிறது.

இரண்டு நாள் கோர்ஸ்

கிராஸ்பிட் என்பது ஒரே மாதிரி கடை திறக்கும் ஓட்டல் கம்பெனி மாதிரி கிடையாது. ஜிம் முதலாளி வருடா வருடம் கட்டணம் கட்டி பெயரை வாங்கிக்கொள்கிறார். நெடுங்காலம் அது 3 ஆயிரம் டாலர். 2024-ல் 4 ஆயிரத்து 500 டாலர் ஆக்கினார்கள். பெயரைத் தவிர மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம். என்ன பயிற்சி, எத்தனை பேர், எவ்வளவு எடை, எல்லாம் அந்த ஜிம் வைத்ததுதான் சட்டம்.

பயிற்சியாளர் ஆக முதல் நிலை கோர்ஸ் எத்தனை நாள் தெரியுமா? சனி, ஞாயிறு, இரண்டே நாள். முடிவில் ஒரு பரீட்சை. அதற்கு மேலே பல நிலைகள் இருக்கின்றன, பல வருடம் படித்து, பழகி வந்த நல்ல மாஸ்டர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு நாள் கோர்ஸ் முடித்துவிட்டு வந்தவரும் அதே விசிலைத்தான் ஊதுகிறார்.

இதில் 'ஸ்நாட்ச்' என்ற பளுதூக்குதலைப் பார்ப்போம். தரையில் இருக்கும் பளுவை ஒரே மூச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது. வேலூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டுகோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் அடித்த சதீஷ் சிவலிங்கம் அந்த மண்ணின் மைந்தர்தானே! பளுதூக்கும் கூடங்களில் ஒரு பையனுக்கு முதலில் வெறும் கம்பியைக் கொடுத்து மாதக்கணக்கில் பழக்குவார்கள். எடையை ஏற்றினாலும் ஒன்றோ, இரண்டோ முறை தூக்கிவிட்டு நன்றாக ஓய்வு எடுப்பார்கள். அதே ஸ்நாட்சை, மூச்சு வாங்கும்போது, 30 முறை, கடிகாரம் பார்த்து செய் என்றால் எப்படி? களைப்பில் முதுகு வளையும். வளைந்த முதுகில் பளு ஏறும்.

2014 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த ஒரு போட்டியில், ஸ்நாட்ச் தூக்கும்போது பளு தவறி முதுகில் விழுந்து, ஒரு வீரருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. அது கிராஸ்பிட் கம்பெனி நடத்திய போட்டி அல்ல என்றாலும் பழி அங்கேதான் போய் சேர்ந்தது. அந்த வீரர் அதன்பிறகும் கிராஸ்பிட்டை விடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

பார் எடுப்பதிலும் இதே சண்டை உண்டு. காலை வீசி, உடம்பை ஊஞ்சல் போல ஆட்டி, அந்த வேகத்தில் மேலே போவார்கள். 'இது ஏமாத்து வேலை' என்று பழைய ஜிம் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். ஏமாத்தோ இல்லையோ, தோளில் போதிய பலம் இல்லாதவர் இப்படி வீசி ஆடினால் முழு இழுப்பும் தோள் மூட்டில்தான் விழும். ஆடாமல் நிதானமாக 5 முறையாவது பார் எடுக்க வராதவர் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

ஏரியில் போன உயிர்

கம்பெனியின் பெயர் கெட்டதற்கு பயிற்சி மட்டுமே காரணம் அல்ல. 2020 ஜூனில், அமெரிக்காவில் கறுப்பர் ஜார்ஜ் பிளாய்டை போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலால் அழுத்திக் கொன்ற சம்பவத்தை கொரோனாவோடு சேர்த்து கிளாஸ்மேன் டுவிட்டரில் கேலி செய்தார். எங்கும் கொந்தளிப்பு. ரீபோக் கம்பெனி உறவை முறித்துக்கொண்டது. நூற்றுக்கணக்கான ஜிம்கள் போர்டில் இருந்த பெயரை அழித்தன. அவர் பதவி விலகி, அந்த மாதமே கம்பெனியை விற்க ஒப்புக்கொண்டார்.

2024 ஆகஸ்டு 8-ந் தேதி இன்னொரு அடி. டெக்சாஸ் மாநிலம் போர்ட்வொர்த் நகரில் கிராஸ்பிட் உலகப் போட்டி. முதல் நிகழ்ச்சி, சுமார் 5½ கிலோ மீட்டர் ஓட்டம், உடனே ஏரியில் 800 மீட்டர் நீச்சல். செர்பியா நாட்டு வீரர் லாசர் டுகிச் (வயது 28) கரை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் மூழ்கிப்போனார். பின்னர் பிணமாகத்தான் மீட்க முடிந்தது. சாதாரண ஆள் இல்லை அவர், இந்தப் போட்டியில் பெயர் பெற்ற வீரர். அவருடைய தம்பியும் அதே போட்டியில் கலந்துகொள்ள வந்திருந்தார். அன்றைய நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. மறுநாள் போட்டி தொடர்ந்தது. மனம் பொறுக்காத வீரர்கள் சிலர் விலகிப் போனார்கள். தண்ணீரில் காவலுக்கு நின்ற ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்கு கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

இதை வைத்து தெருமுனை ஜிம்மில் காலையில் பஸ்கி போடுகிறவர் பயப்பட ஒன்றும் இல்லை. அது உலகப் போட்டி நடத்தியவர்களின் பாதுகாப்பு பற்றிய கேள்வி. ஆனால் 'எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு பெருமை' என்ற அந்தப் பழைய கோமாளி புத்தி இன்னும் போகவில்லை என்று தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

இதயம் தாங்குமா?

2021 அக்டோபர் 29-ந் தேதி கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மாரடைப்பில் இறந்தபோது, பெங்களூருவில் இதய ஆஸ்பத்திரிக்கு பரிசோதனைக்காக கூட்டம் அலைமோதியது. ஜிம்முக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் வீட்டில் திட்டு விழுந்தது. 

ஆனால் வேகமான பயிற்சி என்றாலே இதயத்துக்கு எமன் என்று சொல்ல முடியாது. நார்வே நாட்டில் இதய நோயாளிகளுக்கே இதைக் கொடுக்கிறார்கள்! 4 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக, இப்படி 4 முறை. 2012-ல் அந்த நாட்டு இதய மறுவாழ்வு மையங்களில் 4 ஆயிரத்து 846 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். வேகப் பயிற்சியில் 46 ஆயிரத்து 364 மணி நேரத்தில் 2 பேருக்கு இதயம் நின்றது, இருவரும் பிழைத்துவிட்டார்கள். சாதாரண வேகத்தில் 1 லட்சத்து 29 ஆயிரத்து 456 மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். ஆபத்து இரண்டிலுமே மிகக் குறைவுதான். ஆனால் ஒன்றை கவனிக்க வேண்டும். அங்கே டெஸ்ட் எடுத்து, ஆள் பக்கத்தில் நின்று, நோயாளிக்குத் தகுந்த வேகத்தை அளந்து கொடுத்தார்கள். யாரும் விசில் ஊதி 'இன்னும் பத்து' என்று கத்தவில்லை.

உடம்பில் நோய் இருப்பது தெரியாமல், நெஞ்சு அடைப்பதைப் பொருட்படுத்தாமல் செய்வதுதான் ஆபத்து. பி.பி., சுகர் இருப்பவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால், 40 வயதைத் தாண்டி புதிதாக ஆரம்பிப்பவர்கள், டாக்டரைப் பார்க்காமல் இந்த மாதிரி வகுப்பில் சேரக் கூடாது. கொலஸ்டிராலுக்கு 'ஸ்டாட்டின்' வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரைக்கும் தசை சிதைவுக்கும் அபூர்வமாக தொடர்பு வருவது உண்டு.

மாஸ்டரிடம் கேளுங்க

ஆக, இந்தக் கெட்ட பெயரில் பாதி நியாயம். பாதி, அந்த வாபஸ் வாங்கிய ஆராய்ச்சி கிளப்பிவிட்ட புழுதி. பயிற்சியில் நல்லது இருக்கிறது. ஜிம்முக்கு மூன்று மாதம் பணம் கட்டிவிட்டு மூன்று நாள்கூட போகாத கூட்டம்தானே நம்மில் அதிகம்? கூட்டமாக செய்யும்போது 'ஏன் நேத்து வரல?' என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். அதற்காகவே பலரும் விடாமல் போகிறார்கள். ஆனால் மாதக் கட்டணம் சாதாரண ஜிம்மைவிட பல மடங்கு. தண்டாலும் பஸ்கியும் போட காசு எதற்கு என்று கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். பூங்காவில், கடற்கரையில், வீட்டு மாடியில் இதே பயிற்சியை அளவோடு செய்யலாம்.

சேருவது என்று முடிவு செய்தால் முதல் நாள் ஒரு சோதனை வையுங்கள். "அண்ணே, நான் புதுசு. எனக்கு என்ன கொடுப்பீங்க?" என்று மாஸ்டரிடம் கேளுங்கள். "தம்பி, ரெண்டு வாரம் வெறும் கம்பிதான். பாதி எண்ணிக்கைதான். ஏதாவது மாத்திரை சாப்பிடுறியா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் நல்ல இடம். "அதெல்லாம் பழகிடும், எல்லாரும் செய்யுறதையே நீயும் செய்" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரு மாஸ்டருக்கு எத்தனை பேர் என்றும் எண்ணிப் பாருங்கள். 30 பேரை ஒரே ஆள் பார்க்கிறார் என்றால், உங்கள் முதுகு வளைவதை அவர் பார்க்கப் போவதில்லை.

சென்னை வெயிலுக்கு இன்னொரு விஷயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகரக் கூரை போட்ட கொட்டகையில், மே மாதம், காற்றாடி மட்டும் வைத்து நடத்துகிறார்கள் என்றால், உடம்புச் சூடும் தண்ணீர் வற்றுவதும் தசைச் சிதைவை இன்னும் சீக்கிரம் கொண்டுவரும். காய்ச்சல் வந்து தேறிய வாரம், முந்தின நாள் ராத்திரி சரக்கு அடித்த காலை, இரண்டிலும் லீவு போட்டுவிடுங்கள். மாஸ்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பயிற்சி செய்த மறுநாள் உடம்பு வலிப்பது சகஜம். இரண்டு, மூன்று நாளில் குறைந்துவிடும். ஆனால் கையை மடக்கவோ நீட்டவோ முடியாத அளவுக்கு வீங்கி, தொட்டால் உயிர் போகிற வலி, கூடவே சிறுநீர் கறுப்பாக போனால் 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று இருக்கக் கூடாது. வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது. மெடிக்கலில் சும்மா கேட்டாலே கொடுக்கும் வலி மாத்திரைகள் பல, ஏற்கனவே திணறும் கிட்னியை இன்னும் அழுத்தும். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், நேற்று எத்தனை பஸ்கி, எத்தனை தண்டால் போட்டீர்கள் என்பதை கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். 'சி.பி.கே.' என்ற ரத்த டெஸ்டில் தெரிந்துவிடும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் சலைன் பாட்டில் ஏற்றுவதோடு சரியாகிவிடும். தாமதித்துப் போனவர்களில் சிலருக்குத்தான் டயாலிசிஸ் வரை போகிறது.